ஆல்டர்னேட்டர் மாற்றியது ஒரு பங்கு, புல்லி வாங்கிய வேலை மூன்று பங்கு

பஸ் நிற்கிறது, இன்ஜின் ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல்) ஓடுகிறது, ஹெட்லைட், உள் விளக்கு, முன்னும் பின்னும் ஊர்ப்பெயர் போர்டு, பாட்டு, வைப்பர் எல்லாம் போட்டாகிவிட்டது, பேட்டரி முனையில் மீட்டரை வைத்தால் 26.9 வோல்ட். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதே லோடில் இதே இடத்தில் 24.3 காட்டியது. 24 வோல்ட் வண்டியோடு பழகியவர்களுக்கு இந்த இரண்டு எண்ணே கதையைச் சொல்லிவிடும். பழகாதவர்களுக்கு: முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் இரண்டு பேட்டரி சேர்ந்து 25.4 வரை காட்டும், வண்டி ஓடும்போது சார்ஜ் ஒழுங்காக ஏறினால் 27.5-இலிருந்து 28.5-க்குள் நிற்கும். 24.3 என்றால் இன்ஜின் சுற்றில் கரண்டு தயாரிக்க வேண்டிய ஆல்டர்னேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, விளக்கும் பாட்டும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி பழைய லேலண்ட் வைக்கிங், ஆறு சிலிண்டர், இன்ஜின் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். மாமாவுடைய பஸ். ராசிபுரம் பக்கம் ஸ்பேர் பஸ்ஸாக ஓடுகிறது, முகூர்த்த நாளில் கல்யாண வாடகைக்கும் போகும். பராமரிப்பு என் தலையில். இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பம்ப்பும் நாசிலும் சரியாக வைத்திருந்தால் அது பாட்டுக்கு ஓடும். தொல்லை எல்லாம் கரண்டு சமாச்சாரத்தில்தான். பகல் டிரிப்பில் ஒன்றும் தெரியாது. சாயங்கால டிரிப் முடிந்து ஸ்டாண்டில் நிறுத்தி, ஆள் ஏறட்டும் என்று காத்திருந்து, இன்ஜினை ஒரு தடவை அணைத்துவிட்டால் போச்சு, செல்ஃப் 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. அப்புறம் பயணிகளே இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதனால் டிரைவர் இன்ஜினை அணைப்பதே இல்லை. டீசல் செலவு வேறு.

வழக்கம்போல முதல் பழி பேட்டரி மேல்தான் விழுந்தது. இரண்டும் மாற்றி, கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று 12.6, இன்னொன்று 11.9. இரண்டும் ஒரே நாள் வாங்கிய ஜோடி. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் விஷயம் தெரிந்தது: பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட், யாரோ அதற்கு ஒரே ஒரு பேட்டரியிலிருந்து நடு முனையில் கிளை எடுத்திருக்கிறார்கள். நம் ஊர் பஸ்களில் இது சர்வ சாதாரணம். ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிக்கும் ஒரே கரண்டைத்தான் அனுப்பும், ஆனால் ஒன்றுதான் பாட்டுக்கும் சேர்த்து உழைக்கிறது, அது காய்ந்துபோகும், மற்றது தேவைக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டு அந்தக் கிளையை வெட்டினோம். பேட்டரி இரண்டும் சமமானது. ஆனால் ஸ்டாண்டு பிரச்சினை போகவில்லை.

சரி, லோடு எவ்வளவு என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஹெட்லைட் இரண்டும் சேர்த்து 150 வாட், பின் விளக்கு, சைடு விளக்கு வகையறா 60, உள்ளே எல்.இ.டி. பட்டிகள் 100, மூன்று போர்டும் சேர்த்து 120, பாட்டு சத்தமாக வைத்தால் 200, டிரைவர் ஃபேன் 25, கேமரா, ஜி.பி.எஸ். 20, மழை வந்தால் வைப்பர் 80. மொத்தம் 755 வாட், 27 வோல்ட்டுக்கு வகுத்தால் கிட்டத்தட்ட 28 ஆம்ப். வண்டியில் இருந்தது 35 ஆம்ப் ஆல்டர்னேட்டர். காகிதத்தில் போதும். ஓட்டத்தில் போதவும் செய்தது. ஐடிலில்தான் ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வாங்கியதிலேயே உருப்படியான கருவி உள்ளே வருகிறது: ஒளி அடித்துச் சுற்று எண்ணும் கையடக்க டேக்கோமீட்டர், 1,100 ரூபாய். புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஓரத்தில் அதோடு வரும் வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டி, ஒளியைக் காட்டினால் ஆர்.பி.எம். வந்துவிடும். க்ராங்க் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) 550 சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 990 தான் சுற்றுகிறது. பெரும்பாலான பஸ் ஆல்டர்னேட்டர்கள் ஆயிரம், ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மேல்தான் ஏதாவது கொடுக்கவே தொடங்கும். அதாவது ஐடிலில் அது ஒரு விசிறியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டிரைவர் கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும் என்பதால் எல்லாரும் 'டைனமோ நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெர்னியரை வைத்து அளந்தால் காரணம் தெரிந்தது. க்ராங்க் புல்லியில் பெல்ட் உட்காரும் விட்டம் 180 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லியில் 100. விகிதம் 1.8. இந்த 100 மி.மீ. புல்லி வண்டியோடு பிறந்தது மாதிரி இல்லை, பெயின்டும் வேறு, வார்ப்பும் வேறு. முந்தைய கைகளில் எங்கோ உடைந்து, கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். கணக்கு ரொம்பச் சுலபம்: பெரிய புல்லி விட்டத்தைச் சின்னதால் வகுத்து, இன்ஜின் சுற்றால் பெருக்கினால் ஆல்டர்னேட்டர் சுற்று. விட்டம் என்றால் புல்லியின் வெளி விளிம்பை அளக்கக் கூடாது, பெல்ட்டின் உடம்பு உட்காரும் இடத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஆறேழு மி.மீ. வித்தியாசம் வரும், பெரிய புல்லியில் அது பெரிதாகத் தெரியாது, சின்னதில் கணக்கையே புரட்டிவிடும்.

பழைய ஆல்டர்னேட்டரிலேயே புல்லியை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தால் பின் பேரிங் மணல் அரைத்தது, ஸ்லிப் ரிங்கில் பிரஷ் ஓடிய இடம் வாய்க்கால் வெட்டிக் கிடந்தது. நாமக்கல்லில் செல்ஃப் டைனமோ கடை வைத்திருக்கும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போடற காசுக்கு இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்று ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் 24 வோல்ட், 70 ஆம்ப் ஒன்றை எடுத்து வைத்தார். ரீகண்டிஷன் செய்தது, 9,500 ரூபாய், பழையதை எடைக்கு விட்டது போக. கடையிலேயே பெஞ்சில் மாட்டி ஓட்டிக் காட்டினார்: 1,400 சுற்றில் 25 ஆம்ப். எனக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான். 70 என்று தகட்டில் அடித்திருப்பது ஆறாயிரம் சுற்றுக்கு, நம் பஸ் ஸ்டாண்டில் அது யாருக்கு வேண்டும்?

ஆக இலக்கு தெளிவாயிற்று. ஐடிலை 600-க்கு ஏற்றிக்கொள்ளலாம், ஆல்டர்னேட்டர் 1,400 சுற்ற வேண்டும், விகிதம் 2.35 பக்கம், சின்ன புல்லி 76 மி.மீ. இன்ஜின் கவர்னர் (சுற்றுக்கு வரம்பு கட்டுவது) விடும் உச்சம் 2,400, அப்போது ஆல்டர்னேட்டர் கிட்டத்தட்ட 5,700 சுற்றும், அதற்கு அது தாங்கும். இன்னும் சின்னதாக 60, 65 போட்டால் ஐடிலில் கூடுதல் கரண்டு வருமே என்று டிரைவர் கேட்டார். வரும், ஆனால் பெல்ட்டை அவ்வளவு இறுக்கமாக மடித்தால் சீக்கிரம் வெடிக்கும், தொடும் பரப்பும் குறையும், வழுக்கும்.

பெல்ட் விஷயத்தில் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 70 ஆம்ப்பை 28 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 2 கிலோவாட். ஆல்டர்னேட்டர் வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கரண்டாகத் திருப்பித் தரும், மீதி சூடு. ஆக பெல்ட் மூன்றரை கிலோவாட், அதாவது நாலே முக்கால் குதிரைத்திறன் வரை இழுக்க வேண்டியிருக்கும். ஒற்றை 13 மி.மீ. பெல்ட்டை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். எங்கள் வண்டியில் நல்லவேளையாக க்ராங்க் புல்லியில் இரண்டு பள்ளம், இரண்டு பெல்ட்டும் வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே சுற்றுகின்றன.

கழற்றும் வேலை பெரிதில்லை. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றி ஓரமாகத் துணி சுற்றி வைத்துவிட வேண்டும், மறந்துவிட்டு ஸ்பேனரை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனையில் (கரண்டு வெளியே வரும் இடம்) வைத்தால் ஸ்பேனரே வெல்டிங் ஆகிவிடும். பழைய ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட் துருவேறி அசையவில்லை, டீசலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகித் திருப்பினோம். புதியதன் காது (போல்ட் மாட்டும் இடம்) பழையதைவிட 6 மி.மீ. குறுகல், போல்ட் ஓட்டையும் பெரிது. இதற்கு வாஷரை அடுக்கி ஒப்பேற்றுவதுதான் வழக்கம், நாள்பட அவை அதிர்வில் தேய்ந்து போல்ட் தளர்ந்துவிடும். இரும்புக் குழாயில் இடைவெளியை நிரப்ப இரண்டு புஷ் கடைந்து போட்டுக்கொண்டோம்.

இனி புல்லி.

ஆல்டர்னேட்டரோடு வந்தது இப்போதைய வண்டிகளில் வரும் எட்டு வரிப் பட்டை பெல்ட் புல்லி. நம் க்ராங்க்கில் இருப்பது 'வி' பள்ளம். ஆகவே அதைக் கழற்ற வேண்டும். இந்த ரகத்தில் தண்டின் முனையில் ஆலன் கீ போடும் குழி இருக்கும், கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். புல்லியை வைஸில் கடித்துப் பிடித்தால் விளிம்பு நசுங்கிவிடும்.

பழைய இரும்புக் கடையில் தேடி, இரட்டைப் பள்ளத்தோடு கிட்டத்தட்ட சரியான விட்டத்தில் ஒன்று கிடைத்தது, 450 ரூபாய். துளை 15 மி.மீ., அதை 17-க்குப் பெரிதாக்கி மாட்டினோம். ஸ்டார்ட் செய்தால் ஒரு சத்தமும் இல்லை, டேக்கோமீட்டரில் 1,490. எல்லாருக்கும் சந்தோஷம். ஹெட்லைட்டைப் போட்டதும் லேசாக ஒரு கீச். பாட்டைப் போட்டதும் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறல். டிரைவர், "அண்ணே, பாட்டை நிறுத்துனா அதுவும் நிறுத்துதுங்க" என்றார். மறுபடி ஒளியைக் காட்டிப் பார்த்தால் 1,180. இன்ஜின் சுற்று மாறவில்லை, ஆல்டர்னேட்டர் முந்நூறு சுற்று இழந்திருக்கிறது, அத்தனையும் வழுக்கல். பெல்ட் இறுக்கத்தைக் கூட்டினால் சத்தம் குறைந்தது, போகவில்லை.

கழற்றிப் பார்த்ததும் புரிந்தது. பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரி மினுங்கியது. 'வி' பெல்ட் தன் இரண்டு பக்கச் சரிவால்தான் கடித்துப் பிடிக்கும், அடி தொடவே கூடாது. அடி தொட்டுவிட்டால் ஆப்பு மாதிரி நெருக்கும் வேலை போய்விடும், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். அந்தப் புல்லி 17 மி.மீ. பெல்ட்டுக்கு வெட்டியது, எங்கள் பெல்ட் 13. சும்மா மாட்டிப் பார்க்கும்போது கொஞ்சம் உள்ளே அமுங்கியிருப்பது போலத்தான் தெரிந்தது, லோடு ஏறியதும் அடிக்கே போய்விட்டது. நல்ல பொருத்தத்தில் பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்போடு சமமாக, அல்லது மயிரிழை மேலே நிற்க வேண்டும்.

அது மட்டும் இல்லை. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்தேன். க்ராங்க்கில் 15 மி.மீ., இந்தப் புல்லியில் 19. ஒரு பெல்ட்டை நேராக வைத்தால் மற்றது 4 மி.மீ. கோணலாக ஓடும். அகலம் கூடின பெல்ட்டுக்கான புல்லியில் பள்ளங்களும் தள்ளித்தான் வெட்டியிருப்பார்கள், இரட்டைப் பள்ளப் புல்லி வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் அளந்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.

தேடுவதை விட்டுவிட்டு லேத்துக்குப் போனோம். இ.என். 8 ரக எஃகு உருண்டைக் கம்பியில் புதிதாகவே கடையச் சொன்னது, கம்பி விலையும் சேர்த்து 1,400. பட்டறை அண்ணன் முதலில் கேட்டது, "பள்ளம் எத்தனை டிகிரிங்க?" அவர் கையில் 38-க்குத் தீட்டிய டூல் தயாராக இருந்தது. பெரிய புல்லிக்கு 38 சரி. 76 மி.மீ. போன்ற சின்ன புல்லிக்கு 34 வேண்டும். பெல்ட் இறுக்கி வளையும்போது அதன் முதுகு இழுபட்டு ஒடுங்கும், வயிறு நெருக்குண்டு பக்கவாட்டில் பிதுங்கும், அதனால் அதன் சரிவே கொஞ்சம் நிமிர்ந்துவிடும், பள்ளமும் அதற்கேற்ப நிமிர்ந்திருந்தால்தான் பக்கம் முழுக்க ஒட்டும். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு எண்ணெய் டின் தகட்டை எடுத்து, கோணமானியை வைத்துக் கோடு போட்டு, 34 டிகிரிக்கு ஒரு நாக்கு வெட்டினார். டூலை அந்த நாக்குக்குச் சரியாகத் தீட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் தகட்டைப் பள்ளத்தில் வைத்து, பின்னால் டார்ச் அடித்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் மேலே மயிரிழை கசிந்தது. வாயில் இருந்த வெற்றிலையை மென்றபடியே இன்னொரு சீவல், அவ்வளவுதான், இருட்டு.

நான் கொண்டுபோன அளவுகள் இவை: பெல்ட் உட்காரும் விட்டம் 76, பள்ள நடு தூரம் 15, துளை 17 மி.மீ. தண்டுக்கு இறுக்கமான சறுக்கல், பின்முகத்திலிருந்து முதல் பள்ளத்தின் நடு வரை பழையதைவிட 7 மி.மீ. கூடுதல். அந்த 7 எங்கிருந்து வந்தது என்றால், புது ஆல்டர்னேட்டரைக் காதில் மாட்டி, பழையதில் பள்ளம் எங்கே நின்றதோ அந்த இடத்துக்கும் புதியதன் தண்டு படிக்கும் உள்ள வித்தியாசம். புல்லியின் கழுத்திலேயே அதைச் சேர்த்துக் கடைந்துவிட்டால் பின்னால் வாஷர் அடுக்க வேண்டிய தலைவலி இல்லை. இந்தத் தண்டில் சாவி வெட்டும் கிடையாது, நட்டின் நெருக்கத்தில்தான் புல்லி நிற்கிறது, அதனால் இரண்டு முகமும் துளைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரே பிடியில் துளையையும் பின்முகத்தையும் முடிக்கச் சொன்னேன். வேலை முடித்து வாங்கியதும் பெல்ட்டின் பக்கங்களில் சாக்பீஸ் தேய்த்து, புல்லியில் சுற்றி அழுத்திப் பார்த்தோம். பள்ளத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழ் வரை வெள்ளை ஒட்டியிருந்தது, அடியில் ஒன்றும் இல்லை.

நேர் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பொதுவாக க்ராங்க் புல்லி விளிம்பில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அது ஆல்டர்னேட்டர் புல்லி விளிம்பைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு புல்லிக்கும் விளிம்பின் கனம் ஒன்றாக இருந்தால் சரி. எங்களுக்கு க்ராங்க்கில் 5 மி.மீ. உதடு, கடைந்ததில் 3. சட்டத்தை நம்பினால் 2 மி.மீ. தப்பு. அதனால் பழைய பெல்ட்டில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, முதுகின் நடுவில் பேனாவால் கோடு போட்டு, ஆளுக்கொரு பள்ளத்தில் அழுத்தி வைத்து, தூண்டில் நரம்பை ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் பிடித்தோம். கொத்தனார் நூல் போதாது, அது தடிமன். க்ராங்க் புல்லியின் முகத்தோடு நரம்பு இணையாக ஓடுகிறதா என்று இரண்டு இடத்தில் ஸ்கேலால் அளந்தால் கோணலும் தெரிந்துவிடும். முதலில் 4 மி.மீ. விலகல். காரணம் புல்லி இல்லை, கீழ்த் தாங்கியே பழைய காலத்தில் எதிலோ இடித்து வளைந்திருக்கிறது. கழற்றிச் சுட்டு நிமிர்த்தி, கடைசியில் அரை மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) ஒன்று வைத்ததும் 400 மி.மீ. தூரத்துக்கு 1 மி.மீ.-க்குள் வந்தது. அரை டிகிரி வரை பெல்ட் பொறுத்துக்கொள்ளும், அது இந்தத் தூரத்துக்கு மூன்றரை மி.மீ., ஆனால் இரட்டைப் பெல்ட்டில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. தாங்கியில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், டயோடுகள் வெல்டிங் கரண்டைத் தாங்காது.

பெல்ட் நீளம். புல்லி 100-இலிருந்து 76 ஆனதால், பெல்ட் அதைச் சுற்றும் பாதி வட்டத்தில் 24-ஐ 3.14-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 38 மி.மீ. மிச்சமாகும். இருந்தது 13க்கு 1,225. கடையில் 25 மி.மீ. படியில்தான் வரும் என்பதால் 1,200 வாங்கி, மீதியை இறுக்கும் தகட்டின் நீள ஓட்டையில் எடுத்துக்கொண்டோம். புது பெல்ட் மாட்டும்போது ஆல்டர்னேட்டர் அந்த ஓட்டையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும், பெல்ட் நீளும்போது பின்னால் இழுக்க இடம் வேண்டுமே. பற்கள் வெட்டிய பெல்ட், இரண்டும் ஒரே பெட்டி, ஒரே பேட்ச், ஜோடி 1,150. ஒன்று புதிது ஒன்று பழசு என்று போட்டால் புதியது மட்டும் இழுக்கும், பழையது சும்மா கூட ஓடும்.

இறுக்கத்துக்குக் கட்டைவிரல் கணக்கு எல்லாருக்கும் தெரியும், ஆனால் டிரைவர் கட்டைவிரலும் என் கட்டைவிரலும் ஒன்றா? மீன் நிறுக்கும் கொக்கித் தராசை நடு இடத்தில் மாட்டி 10 கிலோ காட்டும் வரை இழுத்து, பெல்ட் 10 மி.மீ. விலகும்படி வைத்தோம். அதைவிட இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் அழும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 13 ஆகியிருந்தது, மறுபடி இழுத்துக் கட்டினோம். அடுத்த நாள் 11. அதற்கப்புறம் நகரவில்லை.

ஒயரையும் சும்மா விடவில்லை. பழைய மெயின் ஒயர் 10 சதுர மி.மீ., 5 மீட்டர். 45 ஆம்ப் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பி பிளஸ்ஸிலும் மற்றதை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்தது. ஒயர் கணக்குப்படி 0.4 தான் போக வேண்டும், மீதி ஒயர் முனையில் இருந்த பச்சை பூத்த லக்குகளில். 25 சதுர மி.மீ. செம்பு ஒயர், பிரஸ் செய்த லக், ஃபியூஸ், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் சேர்த்து 1,900. இப்போது 0.2. இன்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவில் உள்ள அர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட் சுரண்டி, உப்புத்தாள் போட்டு மாட்டியதில் அந்தப் பக்கம் 0.4 இருந்தது 0.05 ஆனது. இதற்குக் காசே கிடையாது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

டேஷ்போர்டு சார்ஜ் பல்பிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு வரும் டி பிளஸ் ஒயரில்தான் கடைசியாக ஒரு ஆட்டம் காட்டியது. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் சார்ஜ் இல்லை, ஒரு தடவை ரேஸ் கொடுத்ததும் ஏறிக்கொள்கிறது, அப்புறம் ஐடிலிலும் நிற்கிறது. பார்த்தால் அந்தச் சார்ஜ் பல்பே ஃப்யூஸ் ஆகியிருந்தது. அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் காந்தம் ஏறும் கரண்டே போகிறது, பல்பு செத்தால் மிச்சமிருக்கும் காந்தத்தை நம்பி அது வேகமாகச் சுற்றினால்தான் விழிக்கும். 24 வோல்ட், 3 வாட் பல்பு ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. எல்.இ.டி. பல்பு போடாதீர்கள், அது விடும் கரண்டு போதாது.

இப்போதைய நிலவரம்: ஐடில் 600, ஆல்டர்னேட்டர் 1,410. கணக்கு 1,421 சொல்கிறது, வழுக்கல் ஒரு சதவீதம்கூட இல்லை. வைப்பர் வரை எல்லாம் போட்டால் 26.9, வைப்பரை நிறுத்திப் பாட்டைப் பாதியாக்கினால் 27.4. 1,500 சுற்றில் ஓடும்போது 28.1 வோல்ட், ஸ்டார்ட் செய்த புதிதில் கிளாம்ப் மீட்டர் 52 ஆம்ப் காட்டியது, கால் மணி நேரத்தில் 34-க்கு இறங்கியது.

செலவு: ஆல்டர்னேட்டர் 9,500, புல்லி கடைசல் 1,400, வீணான புல்லி 450, பெல்ட் 1,150, ஒயர் வகையறா 1,900, கன்வெர்ட்டர் 1,800, போல்ட், புஷ் 350, டேக்கோமீட்டர் 1,100, எலக்ட்ரீஷியன் கூலி 1,500. ஆக 19,150. முதலில் மாற்றிய பேட்டரிகளை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் மாமா இதைப் படிக்கும்போது கேள்வி வரும்.

இன்னொரு வண்டிக்கு இதையே செய்வதென்றால் ஆல்டர்னேட்டர் கடைக்குப் போவதற்கு முன்னால் லேத்துக்குப் போவேன். பழைய ஆல்டர்னேட்டரில் பேரிங், பிரஷ் நன்றாக இருந்தால் 76 மி.மீ. புல்லி மட்டும் போட்டுப் பார்த்திருப்பேன், 35 ஆம்ப் ஆல்டர்னேட்டரே ஸ்டாண்டில் பாதி லோடையாவது தாங்கியிருக்கும். இறுக்கும் தகட்டில் திருகி இழுக்கும் நீள போல்ட் ஒன்றையும் வைத்திருப்பேன். இப்போது கடப்பாரையை நெம்புகோலாக வைத்து ஒருவர் தள்ள, இன்னொருவர் நட்டைப் பூட்ட வேண்டியிருக்கிறது, ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடம்பில் கடப்பாரை பட்ட இடம் ஏற்கெனவே கொஞ்சம் நசுங்கியிருக்கிறது.

1,200 அளவில் இன்னொரு ஜோடி பெல்ட் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டித் தொங்குகிறது. ஓட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்டாண்டு வரை போய்விடலாம் என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறேன், வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.